அவனுடைய ஜாக்கெட்டை நான் போட்டிருந்தேன்

சுற்றி வளைக்காமல் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிடைத்த லைஃப் ஜாக்கெட்டின் கிளிப் உடைந்திருந்தது. அதை என் நண்பனின் ஜாக்கெட் இருந்த இடத்தில் வைத்துவிட்டு, அவனுடையதை நான் எடுத்துப் போட்டுக்கொண்டேன். தெரியாமல் அல்ல. தெரிந்தே.

குற்றம் இவ்வளவுதான். இரண்டு வரியில் முடிந்துவிட்டது, பார்த்தீர்களா! ஆனால் இந்த இரண்டு வரியை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் எத்தனை வருடங்களை விழுங்கியிருக்கிறேன்...

சிட்னியில் எங்கள் ஆட்களிடையே என்னைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. நீங்களும் கேட்டிருக்கலாம். நீச்சலே தெரியாத ஒருவர், நடுத்தண்ணீரில் தன் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி நண்பனுக்குக் கொடுத்து அவன் உயிரைக் காப்பாற்றினாராம். பென்டில் ஹில் கடைத்தெருவில் மரக்கறி வாங்கப் போனால்கூட யாராவது ஒருவர், "அண்ணை, அது நீங்கள்தானே?" என்று கேட்டுக் கையைப் பிடித்துக் குலுக்குவார்.

அந்தக் கதை பொய்யில்லை. கழற்றிக் கொடுத்தேன். நூறு பேர் பார்க்கக் கொடுத்ததைப் போலவே இன்று எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் கதை தொடங்குகிற இடம் யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். இனி உங்களுக்கும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். அந்த நாள் என் வாழ்க்கையின் மிக மகிழ்ச்சியான நாள். இதைச் சொல்லத்தான் எனக்கு அதிகம் கூசுகிறது. குற்றம் செய்தவனுக்கு அந்த நாளை நினைத்தால் நித்திரை கெட வேண்டாமா? எனக்கோ, நினைத்த மாத்திரத்தில் கைகள் துடுப்பைத் தேடுகின்றன!

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்பது வேறு கதை. இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவன். கப்பல் என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. அது மீன்பிடிப் படகு. இங்கே வந்தபின் குளியலறைகளுக்கு டைல்ஸ் பதிக்கும் வேலை. வேலையில் என்னைக் குறை சொல்ல முடியாது. பதித்த டைல்ஸை மறுநாளும் போய்த் தட்டிப் பார்க்கிற ஆள் நான்.

பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுக் கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய், திரும்பி வந்து நான்காவது முறையும் இழுப்பேன். பஸ்ஸில் ஏறினால் உட்காரும் முன்பே, எந்தக் கண்ணாடியை உடைத்து வெளியே குதிக்கலாம் என்று கண் தேடும்.

இப்படிப்பட்டவனைத்தான் கார்த்திக் தண்ணீருக்குக் கூட்டிப் போனான்.

கார்த்திக் கோயம்புத்தூர்க்காரன். கம்ப்யூட்டர் வேலை. என்னைவிட ஏழெட்டு வயது இளையவன். ஹோம்புஷில் வாங்கிய அடுக்குமாடி வீட்டின் குளியலறைக்கு டைல்ஸ் பதிக்க என்னைக் கூப்பிட்டான். வேலை முடிகிற நாளில் காப்பி கொண்டுவந்து தந்துவிட்டு, குளியல் தொட்டியின் விளிம்பில் எனக்குப் பக்கத்தில் அவனும் உட்கார்ந்தான். வேலை செய்ய வந்தவனோடு அப்படி உட்கார்ந்து பேசிய வீட்டுக்காரர்கள் குறைவு. அப்போது என் கைபேசியில் அக்கா அனுப்பிய படம் வந்து விழுந்தது.

"இது எங்கங்ணா? கம்ப்யூட்டர்ல வர்ற படம் மாதிரி இருக்குது."

"நோர்வே, தம்பி. என்ர அக்கா இருக்கிற இடம். உதை ஃபியோர்ட் எண்டு சொல்லுவினம். மலைக்கு நடுவால கடல் உள்ளுக்கு வந்து அப்பிடியே அசையாமல் நிக்கும்."

"நீங்க போனதில்லீங்களா?"

"எப்பிடிப் போறது? இந்த விசாவோட வெளிக்கிட்டால் திரும்பி உள்ளுக்கு வர ஏலாது."

கார்த்திக் படத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கிப் பார்த்தான்.

"அட, இதுக்குப் போயி நார்வே எதுக்குங்ணா? ஸ்ட்ராத்ஃபீல்டுல ரயில் ஏறினா ஒரு மணி நேரம். ஹாக்ஸ்பரி ஆறு. இதே மாதிரி மலைக்கு நடுவுல கடல் உள்ள வந்து நிக்குது. கயாக்ல போலாம், மலையேறலாம், நாலு படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பலாம்."

"பனி கிடக்குமோ?"

"பனி மட்டும் இல்லீங்ணா. அத நான் கம்ப்யூட்டர்ல போட்டுத் தர்றேன்."

எத்தனை காலமாக அக்கா எனக்கு மலையும் தண்ணீருமாகப் படங்கள் அனுப்பிக்கொண்டிருந்தாள்! நான் பதிலுக்கு என்ன அனுப்பினேன்? டைல்ஸ் படம். "வடிவாக் கிடக்கடா" என்று அவளும் எழுதுவாள், பாவம். ஒரு முறையாவது அவளுக்கு ஒரு மலையை அனுப்ப வேண்டும் என்ற ஆசை எனக்குள் பற்றிக்கொண்டது.

அந்தச் சனிக்கிழமை காலை ரயிலில் என் பையைப் பார்த்துக் கார்த்திக் சிரித்த சிரிப்பு! கயிறு, விசில், டார்ச், காயத்துக்கு மருந்து, மாற்றுடுப்பு, பிஸ்கட் பொட்டலங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பிளாஸ்டிக் பைகளில் கைபேசி.

"ஒரு நாள்தானுங்ணா போறோம். நீங்க என்ன குடிபெயர்ந்து போற மாதிரி வந்திருக்கீங்க?"

"பழக்கம், தம்பி. நான் வெளிக்கிட்டால் குடிபெயர்ந்துதான் போறனான்."

அவன் சிரித்ததில் முன்சீட்டுக் கிழவி திரும்பிப் பார்த்தாள்.

ரயில் காட்டுக்குள் நுழைந்து, பாறையை வெட்டிய ஒடுங்கிய பாதையில் சரிந்து சரிந்து இறங்கியது. பிறகு ஒரு வளைவு. அடேயப்பா... சட்டென்று இரண்டு பக்கமும் தண்ணீர்! பாறை மலைகள் தண்ணீருக்குள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நான் எழுந்து நின்றுவிட்டேன். கையிலிருந்த பை கீழே விழுந்ததுகூடத் தெரியவில்லை.

கரையில் ஒரு தகரக் கொட்டகை. மூக்கு நுனியெல்லாம் வெயிலில் உரிந்த ஒரு வயதான வெள்ளைக்காரர், கயாக் என்ற ஒற்றையாள் துடுப்புப் படகுகளை வாடகைக்கு விடுபவர். எப்படித் துடுப்பு பிடிப்பது, காற்று எப்போது எழும் என்றெல்லாம் கைகளால் வரைந்து காட்டினார். பிற்பகலுக்குள் திரும்பிவிட வேண்டும் என்று விரலை ஆட்டிச் சொன்னார். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் தந்தார். இரண்டும் செம்மஞ்சள் நிறம், ஒரே அளவு. பிறகு ஒரு குடும்பத்தைப் படகில் ஏற்றிவிடத் தண்ணீரோரமாகப் போனார்.

கார்த்திக் தன் ஜாக்கெட்டைத் தன் கயாக்கின் இருக்கையில் போட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போனான்.

நான் என்னுடையதைப் போட்டேன். கிளிப்பை மாட்டினேன். 'டிக்'. இழுத்தேன். நின்றது. இரண்டாம் முறை இழுத்தேன். நின்றது. மூன்றாம் முறை இழுத்தபோது கையோடு வந்துவிட்டது.

குனிந்து பார்த்தேன். கிளிப்பின் ஒரு பல் பாதியில் வெடித்திருந்தது. மறுபடி மாட்டினால் நல்ல பிள்ளைபோல 'டிக்' என்றது. சற்றுப் பலமாக இழுத்தால் திறந்துகொண்டது. சும்மா போட்டுக்கொண்டு போகிறவனுக்கு அது தெரியாது. மூன்று முறை இழுத்துப் பார்க்கிற என்னைப் போன்றவனுக்குத்தான் தெரியும்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கிழவர் கூப்பிடு தூரத்தில்தான் நின்றார். "இது உடைஞ்சிருக்கு" என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் வராதா? வரும். கொட்டகைக்குள் வேறு ஜாக்கெட்டுகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. ஒரு வார்த்தை போதும்.

நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. என் கைகள் என் ஜாக்கெட்டைக் கழற்றின. கார்த்திக்கின் ஜாக்கெட்டை எடுத்தன. அந்த இடத்தில் என்னுடையதை, அது கிடந்த மாதிரியே ஒரு பக்கம் மடிந்து கிடக்க வைத்தன. அந்த மடிப்பைக்கூடச் சரிபார்த்தேன்... அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது.

எங்கே கற்றேன் இதை? அந்த மீன்பிடிப் படகில் கற்றேன். அங்கே ஜாக்கெட்டுகள் ஆட்களைவிடக் குறைவு. இருந்தவற்றிலும் பாதி, பட்டை அறுந்து, உடுத்த சாரத்தின் கிழிசலால் முடிச்சுப் போட்டவை. நல்லதாகப் பார்த்து முதலில் எடு, எடுத்ததைப் பற்றி வாயைத் திறக்காதே. கேட்டால் உள்ளதும் போய்விடும். படகில் இருந்த எல்லோரும் பேசாமலே ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டது இதுதான். கரைக்கு வந்தபிறகும் எங்களில் பலருக்கு அது விடவில்லை. ஓட்டைக் கதிரையைத் தந்தாலும் மாற்றிக் கேட்கமாட்டோம். பக்கத்தில் ஆள் எழுந்து போகும்வரை காத்திருப்போம்.

ஆனால் இது படகு அல்லவே. குவியலாக ஜாக்கெட் இருக்கிற கரை அல்லவா! அது என் மூளைக்குத் தெரிந்தது. என் கைகளுக்குத் தெரியவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? நம்ப வேண்டாம். நானே நம்பவில்லை.

சமாதானமும் ஒன்று சொல்லிக்கொண்டேன். அவனுக்கு நீச்சல் தெரியும். பள்ளிக்கூடத்தில் நீச்சல் குளத்தில் கப் வாங்கியவன். எனக்கோ ஒன்றும் தெரியாது. வன்னியில் வயலோரம் பிறந்தவன் நான். கப்பலில் வந்தவன் என்றாலே மீன் மாதிரி நீந்துவான் என்று நினைக்கிறார்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் எனக்கு மூச்சு முட்டும்.

கார்த்திக் வந்தான். ஜாக்கெட்டை எடுத்துப் போட்டான். 'டிக்'. இழுத்துப் பார்க்கவில்லை. "போலாங்களாண்ணா?" என்றான்.

போனோம்.

இனி நான் சொல்லப்போவதை என் குற்றத்தோடு சேர்த்துத்தான் நீங்கள் கேட்க வேண்டும். எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

துடுப்பை முதல் முறை தண்ணீரில் வைத்து இழுத்தேன். கயாக் வழுக்கிக்கொண்டு முன்னே போனது. இன்னொரு இழுப்பு. இன்னும் போனது! கரை தள்ளிப் போயிற்று. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஏனென்று கேட்கிறீர்களா? தண்ணீரில் நான் பயணம் செய்தது அதற்கு முன்பு ஒரே ஒரு முறைதான். அப்போது என்னைக் கொண்டுபோனார்கள். எங்கே போகிறோம், கரை எப்போது வரும், வருமா என்று எதுவும் தெரியாமல் மூட்டைபோலக் கிடந்தேன். இன்று நான் இழுத்தால் போகிறது. நிறுத்தினால் நிற்கிறது. இடது பக்கம் என்றால் இடது பக்கம்!

"தம்பி, நான் ஓடுறன், பாரும். நானே ஓடுறன்."

"பாக்கறனுங்ணா. மெதுவா, மெதுவா. நீங்க நார்வேக்கே போயிருவீங்க போல."

பெரிய ஆற்றிலிருந்து பிரிந்து ஒரு நீண்ட குடாவுக்குள் நுழைந்தோம். காற்று நின்றது. இரண்டு பக்கமும் தேன் நிறப் பாறைகள் தண்ணீரிலிருந்து நேராக எழுந்தன. அவற்றின் இடுக்குகளில் மரங்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்றே தெரியாமல் நின்றன. தண்ணீருக்கு மலையின் பச்சை. துடுப்பிலிருந்து சொட்டுகிற சத்தம் எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. கீழே குடைகளைப்போல விரிந்து சுருங்கியபடி ஜெல்லிமீன்கள் கூட்டமாகப் போயின. மேலே ஒரு வெள்ளை வயிற்றுக் கழுகு, இறகை அசைக்காமல், எங்களைத் தன் வீட்டு வாசலில் நிற்கிற ஆட்களைப் பார்ப்பதுபோல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது.

அக்கா படத்தில் அனுப்பிய இடத்துக்குள் நான் உட்கார்ந்திருந்தேன். பனிதான் இல்லை. எனக்குப் பனி தேவைப்படவும் இல்லை.

குடாவின் முடிவில் சின்ன மணல்கரை. கயாக்குகளை மேலே இழுத்துவிட்டோம். ஜாக்கெட்டுகளைக் கழற்றி அவற்றின்மேல் போட்டுவிட்டு மலையேறத் தொடங்கினோம். பாறையில் செதுக்கிய படிகள், பிறகு படியே இல்லாத பாறை. தோல் உரித்ததுபோல இளஞ்சிவப்பாக நிற்கும் மரங்கள். பாதையின் குறுக்கே என் கை நீளத்துக்கு ஒரு உடும்பு வந்து நின்றது. நான் கார்த்திக்குக்குப் பின்னால் போய் நின்றேன். கார்த்திக் எனக்குப் பின்னால் வந்து நின்றான். அப்படியே இருவரும் மாறி மாறிப் பின்வாங்க, உடும்பு எங்களை மதிக்காமல் கடந்து போயிற்று.

உச்சியில் சாப்பாடு. அவன் மனைவி பிரியா எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டித் தந்திருந்தாள். நான் புட்டும் கட்டைச் சம்பலும் கொண்டுபோயிருந்தேன்.

"அண்ணா, உங்க சம்பல வாயில வெச்சா உடனே தண்ணியத் தேட வேண்டியிருக்குது."

"சுத்திவரத் தண்ணிதானே கிடக்கு. இறங்கிக் குடியும்."

அங்கிருந்து பார்த்தால் குடா முழுவதும் தெரிந்தது, மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து... கார்த்திக் என்னை ஒரு பாறையில் நிறுத்திப் படம் எடுத்தான். நான் அவனையும் பக்கத்தில் இழுத்து ஒன்று எடுத்தேன். அக்காவுக்கு அனுப்பினேன். நோர்வேயில் விடிந்திருக்காது, ஆனால் அவள் காலை வேலைக்கு எழும்பியிருந்தாள். உடனே அவளே கைபேசியில் கூப்பிட்டுவிட்டாள்.

"டேய், நீ எங்கயடா நிக்கிறாய்? எங்கட இடம் மாதிரியே கிடக்கு."

"எங்கட ஃபியோர்ட், அக்கா. இஞ்சயும் ஒண்டு கிடக்கு."

"ஆரது பக்கத்தில, பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கொண்டு?"

"கார்த்திக். என்ர தம்பி மாதிரி."

தம்பி மாதிரி... என் வாய்தான் அதைச் சொன்னது. கீழே மணலில் இரண்டு ஜாக்கெட்டுகள் செம்மஞ்சள் புள்ளிகளாகத் தெரிந்தன. இறங்கியதும் மாற்றிவிட வேண்டும் என்று அந்தக் கணத்தில் முடிவெடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். அல்லது என் பையிலிருந்த கயிற்றால் அவன் ஜாக்கெட்டைச் சுற்றிக் கட்டிவிடலாம். கயிறு இருந்தது! இத்தனைக்கும் கயிறு இருந்தது!

இறங்கும்போது நேரம் பிந்திவிட்டது. படம் எடுத்ததிலும் கதைத்ததிலும் கிழவரின் எச்சரிக்கை மறந்துபோயிற்று. மரங்களின் உச்சி அசையத் தொடங்கியிருந்தது. கார்த்திக் முன்னால் ஓடினான். நான் மணலுக்கு வந்தபோது அவன் போட்டு முடித்துவிட்டான். 'டிக்'.

"தம்பி..." என்றேன்.

"என்னங்ணா?"

கயிறு எதற்கு என்று கேட்பானே. கிளிப் உடைந்தது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பானே. காலையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பானே. அவன் கேட்கப்போகிற கேள்விகள் எல்லாம் எனக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றன. ஆற்றைவிட அந்தக் கேள்விகளுக்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

"ஒண்டுமில்லை. பாத்துப் போம்."

குடாவின் வாய்க்கு வந்தபோது பெரிய ஆறு வேறு ஆளாக மாறியிருந்தது. காற்று ஒரு பக்கம், நீரோட்டம் ஒரு பக்கம். குட்டையான, கோபமான அலைகள். எங்கள் மூக்குக்குப் பக்கத்தில் ஒரு பெரிய உல்லாசப் படகு போனது. அதன் பின்னால் எழுந்த அலை வந்து கார்த்திக்கின் கயாக்கைப் பக்கவாட்டில் தூக்கியது. அவன் சிரித்துக்கொண்டே சரிந்தான். அடுத்த கணம் கயாக்கின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது.

ஜாக்கெட் மேலே வந்தது. அவன் வரவில்லை.

வந்தான். சற்றுப் பிந்தி வந்தான். ஒரு கையில் மட்டும் பட்டை மாட்டியிருக்க, ஜாக்கெட் அவன் முகத்தை மூடியது. அதை உதறினான். அலை அதைக் கொண்டுபோயிற்று. சப்பாத்தும் நனைந்த உடுப்புமாக நீந்தப் பார்த்தான். நீச்சல் குளத்தில் கப் வாங்கிய அந்தக் கைகள் தண்ணீரை அடித்த அடியில் எந்த ஒழுங்கும் இல்லை. குளிர். உப்புத்தண்ணீர் வாய்க்குள். கண்கள் என்னைத் தேடின.

அப்போது நான் பயப்படவில்லை. வாழ்நாள் முழுவதும் எல்லாவற்றுக்கும் பயந்தவன் அந்த ஒரு சில நிமிடம் பயப்படவில்லை. அவனை நோக்கி இழுத்தேன். தோள் கழன்றுவிடும்போல இழுத்தேன். பக்கத்தில் போனதும் துடுப்பை மடியில் வைத்துவிட்டு என் கிளிப்பைத் திறந்தேன். ஜாக்கெட்டைக் கழற்றி அவன் நெஞ்சுக்கு எறிந்தேன்.

"பிடியும், தம்பி. கட்டிப் பிடியும். மற்றக் கையால என்ர கயாக்கைப் பிடியும்."

பிடித்தான். நான் உட்கார்ந்தபடியே அவனை இழுத்துக்கொண்டு பாறைப் பக்கம் துடுப்பு வலித்தேன்.

உலகம் இதைத்தான் பார்த்தது. நீச்சல் தெரியாதவன், அலைக்கு நடுவே, தன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தான் என்று.

நான் கொடுக்கவில்லை. திருப்பிக் கொடுத்தேன். அது அவனுடையது.

காற்று எழுந்ததும் எங்களைத் தேடித் தகரப் படகில் கிளம்பியிருந்த கிழவர் எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே பார்த்திருக்கிறார். வந்து இருவரையும் தூக்கி ஏற்றினார். என் தோளைத் தட்டித் தட்டி ஏதோ சொன்னார். பிறகு மிதந்து வந்த ஜாக்கெட்டைக் கொக்கியால் இழுத்தெடுத்தார். கிளிப்பைப் பார்த்தார். அவர் முகம் அப்படியே விழுந்துபோயிற்று. காலையில் எல்லாவற்றையும் தானே பார்த்து எடுத்து வைத்ததாகவும், இது எப்படித் தன் கண்ணில் படாமல் போனதென்று தெரியவில்லை என்றும் கார்த்திக்கிடம் மன்னிப்புக் கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டார்.

கார்த்திக் போர்வைக்குள் பல் கிட்ட உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான்.

"அண்ணா, உங்களுக்கு நீச்சல் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்குங்ணா கழட்டிக் குடுத்தீங்க?"

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் இந்த உலகத்தில் கிடையாது. கிழவரின் கையில் அந்தக் கிளிப் இருந்தது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியேல்லைத் தம்பி," என்றேன்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். இருவரும் வேறு வேறு காரணத்துக்காக அழுகிறோம் என்பது அவனுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் எப்படிச் சொல்ல? கார்த்திக் சொன்னான், பிரியா சொன்னாள், அவர்களுடைய நண்பர்கள் சொன்னார்கள். அக்கா நோர்வே முழுக்கச் சொன்னாள். ஒவ்வொரு வாய்க்கும் அலை ஒரு முழம் உயர்ந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்றார்கள்.

அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. காது குத்த நாள் பார்த்தார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும்? பிரியாவின் அண்ணன் திருப்பூரில். வர முடியவில்லை. பிரியா என் வீட்டுக்கே வந்தாள்.

"எங்க அண்ணன் வரலைன்னு எனக்கு வருத்தமே இல்லீங்ணா. நீங்க உக்காருங்க. எங்களுக்கு அந்த எடம் உங்களோடதுதான்."

மறுத்திருக்கலாம். காய்ச்சல் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் உட்கார்ந்தேன். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, அந்த இடத்தில், எல்லோரும் படம் எடுக்க உட்கார்ந்தேன். ஊசி பட்டதும் குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு வீறிட்டது. "மாமா மடியில இருக்கறப்ப பயமில்லடா கண்ணு," என்றான் கார்த்திக்.

அந்தக் குழந்தை அப்பன் இல்லாமல் பிறந்திருக்கக்கூடும், என்னால். பிறக்காமலே போயிருக்கவும் கூடும். அதன் தலையைத் தடவியபடி இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொல்லத் துணிந்த நாட்களும் உண்டு. அவர்கள் வீட்டு வாசல் வரை போய், மணியை அடித்து, கதவு திறந்ததும், "சும்மாதான் வந்தனான், போட்டு வாறன்," என்று திரும்பியிருக்கிறேன். சொன்னால் யாருக்கு நல்லது? என் பாரம் இறங்கும். அவனுக்கோ ஒரு அண்ணன் போய்விடுவான், குழந்தைக்கு ஒரு மாமன் போய்விடுவான். அவர்களுக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவனுக்கு நீச்சல் தெரியும் என்று சொல்லிக்கொண்டவனும் நான்தானே!

இப்போது எனக்கு நிரந்தர விசா வந்துவிட்டது. வருகிற கோடையில் நோர்வே போகிறேன். உண்மையான ஃபியோர்ட்! கார்த்திக்கும் பிரியாவும் குழந்தையும் கூட வருகிறார்கள். அக்கா கயாக் எல்லாம் சொல்லி வைத்துவிட்டாள். எனக்கு நித்திரை வருவதில்லை. பயத்தால் அல்ல, சந்தோஷத்தால். அக்காவைப் பார்க்கப்போகிறேன்... அந்தத் தண்ணீரில் நானே இழுத்துக்கொண்டு போகப்போகிறேன்... கேட்டீர்களா? இப்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

கை பழகட்டும் என்று போன மாதம் இருவரும் அதே ஹாக்ஸ்பரிக்குப் போனோம். கொட்டகை வேறு ஆளிடம் இருந்தது. கிழவர் ஏன் விட்டுவிட்டார் என்று கார்த்திக் கேட்டான். புதியவனுக்குத் தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

ஆளுக்கொரு ஜாக்கெட் தந்தார்கள். கார்த்திக் தன்னுடையதைப் போட்டுக்கொண்டு, குழந்தையைப்போல இரண்டு கைகளையும் தூக்கியபடி என் முன்னால் வந்து நின்றான்.

"நீங்களே மாட்டி விடுங்ணா. நீங்க இழுத்துப் பாத்தாப் போதும். நான் பாக்க வேண்டியதில்ல."

மாட்டினேன். மூன்று முறை இழுத்தேன். நின்றது. நான்காம் முறையும் இழுத்தேன். அவன் சிரித்துக்கொண்டே தண்ணீரில் இறங்கிவிட்டான்.

தண்ணீர் கண்ணாடிபோலக் கிடந்தது. கழுகு அதே மலைக்கு மேலே சுற்றியது. என் நெஞ்சு துள்ளியது. துடுப்பை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனேன்.

ஒன்றை மட்டும் அவன் பார்க்கவில்லை. அதை உங்களிடம் சொல்லாமல் முடித்தால் இவ்வளவு சொன்னதும் வீண்.

அவன் கைகளைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பதற்கு முன்பே, அந்த இரண்டு ஜாக்கெட்டையும் நான் இழுத்துப் பார்த்துவிட்டேன். முதலில் பார்த்தது என்னுடையதை.